பெரிய லென்ஸில் எடுத்த மூன்றாவது படம்

எங்கள் ஸ்டூடியோவில் கேமரா ஒன்று, லென்ஸ் இரண்டு. நாமக்கல்லில், லாரிக்கு பாடி கட்டும் பட்டறைகளுக்கு நடுவே, ஒரு மாடிப்படிக்குக் கீழே இருந்த ஸ்டூடியோ அது. முதலாளியும் நானும் மட்டும்தான். நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். ஏன் என்று கேட்டவர்களிடம், கணக்கு வாத்தியாருக்குப் பயந்து நின்றுவிட்டேன் என்று சொல்வேன். அது பொய்யில்லை. ஆனால் அவர் ஒருவருக்கு மட்டும் பயந்தேன் என்று சொன்னால் அது பொய். பூட்டிய கதவை மூன்று தடவை இழுத்துப் பார்ப்பேன். பஸ் ஏறிய பிறகு இறங்கி வந்து இருட்டறை பல்பை அணைத்தேனா என்று பார்த்திருக்கிறேன்.

சின்ன லென்ஸ் கேமராவோடு வந்தது. ஜெர்மன் சாமான், என் வயதுக்கு மேல் அதன் வயது. சுண்ணாம்பு டப்பா அளவுதான் இருக்கும். கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டால் போட்டது தெரியாது. எண்ணெய் விட்ட கீல் மாதிரி சத்தமில்லாமல் திரும்பும். முன்கண்ணாடியில் தலைமுடி போல் ஒரு கீறல். சூரியனுக்கு நேராகப் பிடித்தால் படம் முழுக்க மோர் ஊற்றியதுபோல வெளுத்துவிடும். நடுவில் நன்றாகத் தெரியும், ஓரத்துக்குப் போகப் போகக் குழையும். அதன் குற்றம் எல்லாம் எனக்குத் தெரியும், அதனாலேயே அதனிடம் எனக்குப் பயம் இல்லை.

பெரிய லென்ஸ் எண்பதாம் வருஷ வாக்கில் வந்தது. முதலாளி மதராஸ் போய் வாங்கிவந்தார். ஜப்பான். விலையை அவர் கடைசிவரை என்னிடம் சொல்லவில்லை. சொன்னால் நான் அதைத் தொடமாட்டேன் என்று அவருக்குத் தெரியும். கையில் வைத்தால் தண்ணீர் நிறைந்த சொம்பு மாதிரி கனக்கும். உள்ளே பார்த்தால் புறாக் கழுத்தில் ஓடுவதுபோலப் பச்சையும் ஊதாவும் ஓடும். இரண்டுக்கும் ஒரே மரை. ஒன்றைத் திருகி எடுத்துவிட்டு மற்றொன்றைத் திருகிப் போட அரை நிமிஷம் போதும்.

வந்த அன்றைக்கே எதிர்ப் பட்டறையில் நின்ற ஒரு லாரியை இரண்டிலும் எடுத்தோம். சின்னதில் எடுத்தது லாரி மாதிரி இருந்தது. பெரியதில் எடுத்ததை முதலாளி ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனார்.

"பாத்தியா, போல்ட்டு போல்ட்டாத் தெரியுது. பெயிண்டர் பிரஷ்ஷுல இருந்து ஒரு முடி உழுந்து ஒட்டியிருக்குது பாரு."

"தெரியுதுங்க. இத்தனையும் தெரியோணுமாங்க?"

"தெரியறதுக்குத்தானே மதராஸ் போயி வாங்கியாந்தேன். நல்லது நடந்தாலும் உனக்குப் பயந்தானா."

நான் பயந்தபடியே ஆயிற்று. அதுவரை சின்ன லென்ஸ் எடுத்துக் கொடுத்த முகத்தை ஜனங்கள் தங்கள் முகம் என்று நினைத்திருந்தார்கள். பெரியதில் எடுத்ததும் சண்டைக்கு வந்தார்கள். ஒரு கோழிப்பண்ணைக்காரர் மனைவி படத்தை மேஜைமேல் வைத்துவிட்டு, "ஏனுங்க, போட்டோ எடுத்தீங்களா, எக்ஸ்ரே எடுத்தீங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனார். கொடுத்த அட்வான்ஸைக்கூடத் திருப்பிக் கேட்கவில்லை. அவ்வளவு கோபம்.

அந்தக் காலத்துப் பெட்டிக் கேமராக்களின் நெகட்டிவ் உள்ளங்கை அகலம் இருக்கும், பென்சிலால் டச்சிங் செய்து பருவையும் சுருக்கத்தையும் மறைக்கலாம். இது தீப்பெட்டி அளவு நெகட்டிவ். பென்சில் வைக்க இடம் கிடையாது. லென்ஸ் பார்த்தது பார்த்ததுதான்.

இன்னொன்றையும் பழகினோம். பெரியதை முழுக்கத் திறந்து கிட்டத்தில் எடுத்தால், கண் துல்லியமாக இருக்கும்போது காது கலங்கிவிடும். அரை விரல் முன்னே பின்னே போனாலும் வேறெதோ துல்லியமாகி, வேண்டியது போய்விடும். நல்ல சாமான்தான், ஆனால் கை நடுங்காதவனுக்கு.

கடைசியில் முதலாளி ஒரு ஏற்பாடு சொன்னார். கல்யாணத்துக்குப் பெரியது. பெண் போட்டோவுக்குச் சின்னது. ஜாதகத்தோடு மாப்பிள்ளை வீட்டுக்குப் போகிற படம் அது. எங்கள் பக்கத்தில் அந்தப் படத்துக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. பெண்ணை ஸ்டூடியோவுக்கு அழைத்துவர மாட்டார்கள், நாங்கள் வீட்டுக்குப் போக வேண்டும். ஒரு தடவைதான் எடுப்பார்கள். இரண்டாம் தடவை போட்டோக்காரன் வாசலில் வந்து நின்றால் முதல் இடம் தட்டிப்போனது என்று ஊர் பேசும். படத்தோடு நெகட்டிவ் அத்தனையையும் பெண்ணின் அப்பா எண்ணி வாங்கிப் போவார். ஸ்டூடியோவில் ஒரு துண்டுகூடத் தங்கக் கூடாது.

நானோ எதையும் ஒன்றோடு நிறுத்தத் தெரியாதவன். சின்னதில் இரண்டு எடுப்பேன், எதற்கும் இருக்கட்டும் என்று பெரியதில் ஒன்று எடுப்பேன். கழுவிப் பார்த்து, எது நன்றாக வந்ததோ அதைப் பிரிண்ட் போட்டு, மூன்று நெகட்டிவையும் கொடுத்துவிடுவேன்.

எருமப்பட்டிக்குக் கிழக்கே ஒரு தோட்டத்து வீடு. வெங்காயம் காய்கிற வாசல். பெண்ணுக்கு இருபது வயதிருக்கும், பத்தாவது பாஸ் செய்தவள். அவளுடைய அப்பா ஒரு வெள்ளை வேட்டியைக் கொடியில் விரித்துக் கட்டிக் கொடுத்தார். அவளை அதன் முன்னால் உட்காரவைத்தோம். அம்மா பவுடர் டப்பாவோடு பக்கத்திலேயே நின்றார். நான் ஒவ்வொரு தடவை கேமராவை உயர்த்தும்போதும் "இருங்க சாமி" என்று என்னை நிறுத்தி, பெண்ணின் இடது உதட்டோரத்தில் ஒரு ஒற்று ஒற்றினார். வேர்வைக்காக என்று நினைத்தேன்.

சின்ன லென்ஸில் இரண்டு எடுத்துவிட்டுப் பெரியதைத் திருகும்போது அந்தப் பெண் கேட்டாள்.

"ஏனுங்கண்ணா, எதுக்கு ரெண்டு?"

"சின்னது பட்டும் படாமப் பாக்கும் அம்மிணி. பெருசு அப்பிடியில்ல. ஒரு அம்மா எக்ஸ்ரேன்னு திட்டிட்டுப் போச்சு."

அவள் சிரித்தாள். எடுத்து முடித்ததும் அப்பா இளநீர் வெட்டப் போனார், அம்மா டம்ளர் எடுக்க உள்ளே போனார். அந்த இடைவெளியில் அவள் குரலைத் தாழ்த்தி, "அந்தப் பெருசுல எடுத்தீங்களே, அதையே எங்கப்பாகிட்டக் குடுங்கண்ணா. வேற குடுக்காதீங்க" என்றாள்.

"செரி அம்மிணி" என்றேன். புதுச் சாமான் மேல் ஆசை, பத்தாவது படித்த பெண்ணல்லவா என்று நினைத்துக்கொண்டேன். இளநீர் குடித்தேன். பஸ் ஏறினேன்.

மறுநாள் முதலாளி பிரிண்ட் பேப்பர் வாங்க சேலம் போயிருந்தார். நான் தனியாக ரோலைக் கழுவினேன். மூன்றாவது படத்தில், பெரியதில் எடுத்ததில், உதட்டோரத்தில் கடுகளவு கறுப்பு. நெகட்டிவில் கறுப்பென்றால் முகத்தில் வெளுப்பு. மருந்துக் கறை என்று நினைத்துத் திரும்பக் கழுவினேன். போகவில்லை. பெரிதாக்கிப் பிரிண்ட் போட்டுப் பார்த்தேன். கறையாக இருந்தால் தோலின் கோடுகளை அது மூடியிருக்கும். இங்கே கோடுகள் அந்த வெளுப்புக்குள்ளே நுழைந்து மறுபக்கம் வெளியே வந்தன. பவுடருக்கும் கீழே அந்த லென்ஸ் போயிருந்தது. வெண்புள்ளி. அப்போதுதான் தொடங்கியிருக்கிறது.

சின்ன லென்ஸின் இரண்டு படத்தையும் எடுத்துப் பார்த்தேன். ஒன்றுமே இல்லை. வேட்டியின் வெள்ளை லென்ஸுக்குள்ளே சிதறி முகத்தின்மேல் ஒரு மெல்லிய திரை விழுந்திருந்தது. அந்தத் திரையில் வெளுப்பு கரைந்துபோயிருந்தது. அழகான படம்.

எங்கள் வீட்டில் ஒரு அத்தை இருந்தார். கையிலும் கழுத்திலும் வெண்புள்ளி. யாராவது விருந்தாள் வந்தால் அவரைச் சமையலறைக்குப் பின்னால் உட்காரச் சொல்வார்கள். சொல்லாத நாளிலும் அவரே எழுந்து போய்விடுவார். கடைசிவரை கல்யாணம் இல்லை. பிரிண்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு நான் அவரைத்தான் நினைத்தேன். இந்தப் பெண்ணுக்கே தெரியாது, பாவம், என்று முடிவு செய்தேன். புது லென்ஸ் ஆசையில் தன் தலையில் தானே மண் போட்டுக்கொள்ளப் பார்த்தாள் என்று நினைத்தேன். இதைக் கொடுத்தால் மாப்பிள்ளை வீட்டில் யாராவது கண்டுபிடிப்பார்கள். நெகட்டிவை மட்டும் கொடுத்தாலும் நாளைக்கு யாராவது பிரிண்ட் போடுவார்கள். கத்தரிக்கோலை எடுத்து மூன்றாவது படத்தைத் தனியாக வெட்டினேன். பிறகு அதையும் பிரிண்ட்டையும் துண்டு துண்டாக நறுக்கிச் சாக்கடையில் போட்டேன். போட்ட பிறகும் நிம்மதி இல்லை. யாராவது பொறுக்கி ஒட்டவைத்துவிடுவார்களோ என்று குச்சியால் கிளறிவிட்டேன்.

அவளுடைய அப்பா சாயங்காலம் வந்தார். நெகட்டிவை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"ரெண்டுதானுங்களா? எங்க அம்மிணி மூணுன்னு சொல்லுச்சே."

"ஒண்ணுல வெளிச்சம் பட்டு வீணாப்போச்சுங்க."

"போனாப் போவுது உடுங்க. படம் நல்லாத்தான் இருக்குது." கவரை மடியில் செருகிக்கொண்டு, "அப்பிடியே ஜேடர்பாளையம் பஸ் புடிக்கறேனுங்க. நாள் நல்லா இருக்குது, இன்னிக்கே குடுத்துரலாம்" என்று கிளம்பினார். படம் வீட்டுக்கே போகாமல், அவள் கண்ணில் படாமல், நேராக மாப்பிள்ளை வீட்டுக்குப் போயிற்று.

பொருந்திவிட்டது. மாப்பிள்ளை வீட்டார் ஒரு மாலையில் வந்து பெண்ணைப் பார்த்துவிட்டுப் போனார்கள், விளக்கு வைக்கிற நேரம். தை மாசம் கல்யாணம். போட்டோவுக்கு எங்களையே சொன்னார்கள். எனக்குச் சந்தோஷம்கூட இருந்தது. ஒரு பெண்ணைக் கரையேற்றியவன் மாதிரி ஒரு எண்ணம்.

கல்யாணத்தன்று விடிந்ததும் பெண்ணைத் தனியாக ஒரு படம் எடுக்கக் கூப்பிட்டார்கள். பெரிய லென்ஸ்தான் கேமராவில் இருந்தது. அவள் அதைக் கவனித்தாள். பூ வைத்துக்கொண்டிருந்த பெண்கள் திரும்பியபோது கேட்டாள்.

"அண்ணா, பெருசுல எடுத்ததுதானுங்களே அவங்க ஊட்டுக்குப் போச்சு?"

நான் லென்ஸைத் துடைக்கத் துணியை எடுத்தேன்.

"எங்கம்மாவுக்குப் பயம், பவுடரைக் கொண்டாந்து அப்புது. நான் வேண்டாம்னேன். அவங்க போட்டோவுல பாத்துட்டுத்தானே செரின்னாங்க. இனி என்ன" என்றாள். முகம் அப்படித் தெளிவாக இருந்தது.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அவளுக்குத் தெரியும். முதல் நாளே தெரியும். தன் வாயால் சொல்ல முடியாததைப் படம் சொல்லட்டும் என்று பெரிய லென்ஸைக் கேட்டிருக்கிறாள். சொல்லியாகிவிட்டது, அவர்கள் சம்மதித்தும்விட்டார்கள் என்ற நம்பிக்கையில் மணையில் உட்காரப் போகிறாள். தாலி கட்ட இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. நான் வாயைத் திறந்திருக்கலாம். வெளியே மேளம். சீர் செய்துவைக்கிற பெரியவர் யாரையோ அதட்டிக்கொண்டிருந்தார். ஆயிரம் பேருக்குச் சாப்பாடு ஆகியிருந்தது.

"ஆமா அம்மிணி" என்றேன்.

அன்றைக்கு மூன்று ரோல் எடுத்தேன். ஒன்றும் கெடவில்லை. ஆல்பத்தில் அவள் ஒவ்வொரு படத்திலும் லென்ஸை நேராகப் பார்க்கிறாள்.

அடுத்த எட்டு மாசம் எப்படிப் போயிற்று என்று எழுதினால் ஒரே மாதிரி இருக்கும். ஜேடர்பாளையம் என்று பலகை போட்ட பஸ் போனால் தலையைக் குனிந்துகொள்வேன். முதலாளியிடம் சொல்ல மூன்று தடவை வாய் எடுத்து, லென்ஸில் பூஞ்சை பிடிக்கிறதுங்க என்று வேறு ஏதோ சொல்லி முடித்தேன்.

புரட்டாசியில் அவளுடைய அப்பா வந்தார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"தம்பி, அன்னிக்கு ஒரு படம் வீணாப்போச்சுன்னீங்களே. அது பெருசுல எடுத்ததுங்களா?"

"என்னங்க ஆச்சு?"

"அம்மிணி எங்க ஊட்டுக்கே திரும்பி வந்து ஒரு மாசமாச்சு. உதட்டுல இருந்து கன்னத்துக்கு வந்துருச்சு. மாப்பிள்ளை ஊட்டுல, மறைச்சுக் கட்டிவெச்சுட்டீங்கன்னு பேசறாங்க. அம்மிணியோ, நான் மறைக்கலே, போட்டோக்காரரைக் கேளுங்கங்குது. எனக்கு ஒண்ணும் வெளங்கலே. நாயித்துக்கிழமை ரெண்டு பக்கமும் பெரியவங்க உக்காந்து பேசறாங்க. நீங்க வந்து, தெரிஞ்சதைச் சொல்லிட்டுப் போவோணும்."

அவர் போன பிறகு முதலாளியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் பெரிய லென்ஸைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். "என்னைக் கேட்டிருந்தா நானும் அதையேதான் செய்யச் சொல்லியிருப்பேன்" என்றார். பிறகு, "ஆனா கல்யாணத்தன்னிக்கு ஆமான்னியே, அது உன்னோடது" என்றார்.

ஞாயிறு வரை சரியாகச் சாப்பிடவில்லை. போகாமல் இருக்க எத்தனையோ வழி யோசித்தேன். கடைசியில் வழக்கம்போலக் கேமராப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பஸ் ஏறினேன். எதற்குப் பை என்று எனக்கே தெரியாது. அது இல்லாமல் ஒரு வீட்டு வாசலில் நிற்க எனக்குப் பழக்கமில்லை.

எருமப்பட்டித் தோட்டத்து வாசலில் கட்டில்களும் நாற்காலிகளுமாகப் பத்துப் பேர் இருந்தார்கள். மாப்பிள்ளை தள்ளி, தென்னை மரத்தில் சாய்ந்து நின்றான். அவனுடைய சித்தப்பாதான் பேசினார். கையில் நான் போட்ட பிரிண்ட். சின்ன லென்ஸ் படம்.

"இதுல எங்கீங்க இருக்குது? காட்டுங்க பாக்கலாம்."

"அதுல இருக்காதுங்க" என்றேன். பிறகு பையிலிருந்து இரண்டு லென்ஸையும் எடுத்துக் கட்டில்மேல் வைத்தேன். எதில் எத்தனை எடுத்தேன், அந்தப் பெண் என்ன சொன்னாள், இருட்டறையில் என்ன பார்த்தேன், எதை நறுக்கினேன், எல்லாவற்றையும் சொன்னேன். கல்யாணத்தன்று அவள் கேட்டதையும் நான் ஆமா என்றதையும் சொன்னேன். அதைச் சொல்லும்போது அவள் கதவோரத்திலிருந்து என்னைப் பார்த்தாள். நான் தெரிந்தே பொய் சொன்னேன் என்பது அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது.

சித்தப்பா பெரிய லென்ஸைக் கையில் எடுத்துப் பார்த்தார். "கட்டிக் குடுக்கறவன் மறைப்பான், தரகன் மறைப்பான். போட்டோக்காரனுக்கு என்னய்யா வந்துச்சு?"

"பயமுங்க."

"உனக்கென்ன பயம்? உன் பொண்ணா?"

யாரோ சிரித்தார்கள்.

மாப்பிள்ளை அப்போதுதான் வாய் திறந்தான். அவளைப் பார்த்து, "அப்போ நீ மறைக்கலியா?" என்றான்.

"இதைத்தானுங்க ஒரு மாசமாச் சொல்றேன்."

"செரி, பெட்டியை எடுத்துட்டு வா. பஸ்ஸுக்கு நேரமாவுது."

பெரியவர்கள் அத்தனை பேரும் மூச்சுவிட்டார்கள். அவள் நகரவில்லை.

"நான் சொன்னப்ப நம்பலீங்க. இவரு சொன்னதும் நம்பறீங்க. வாரேன். ஆனா இன்னிக்கு வரலீங்க. அடுத்த வாரம் நீங்களே வந்து கூட்டிட்டுப் போங்க" என்றாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். "அண்ணா, கேமரா இருக்குதில்ல. பெருசை மாட்டுங்க."

அவளுடைய அப்பா ஏதோ சொல்ல வந்தார். அவள் நாற்காலியைத் தானே இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். வேட்டி கட்டவில்லை, பவுடர் இல்லை. வெளுப்பு உதட்டிலிருந்து கன்னம் வரை ஒரு இலை மாதிரி படர்ந்திருந்தது. அந்த வாசலில் போட்டோக்காரன் இரண்டாம் தடவை நின்றான், பத்துப் பேர் பார்த்திருக்க.

மேகம் கட்டியிருந்ததால் லென்ஸை முழுக்கத் திறந்தேன். கை என் சொல்பேச்சுக் கேட்கவில்லை. ஒரே ஒரு படம்தான் எடுத்தேன். என் வாழ்க்கையில் எதற்கும் இருக்கட்டும் என்று இரண்டாவது எடுக்காத ஒரே தடவை அது. அவள் முன்னால் இன்னும் ஒரு நிமிஷம் நிற்க என்னால் முடியவில்லை.

கிளம்பும்போது வாசல்வரை வந்தாள்.

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமுங்களே அண்ணா."

மறுநாள் கழுவினேன். ஈரத்தோடு தூக்கிப் பார்த்தபோதே தெரிந்துவிட்டது. துல்லியம் அரை விரல் பின்னால் போய்க் காதில் விழுந்திருந்தது. காதுத் தோட்டின் ஏழு கல்லையும் தனித்தனியாக எண்ணலாம். காதோரத்து முடி ஒவ்வொன்றும் தெரிந்தது. உதடும் கன்னமும் பால் ஆடை மாதிரி கலங்கிக் கிடந்தன. வெளுப்பு இருந்த இடமே தெரியவில்லை. மதராஸிலிருந்து வாங்கிவந்த அந்த லென்ஸை என் பயம் சின்ன லென்ஸ் ஆக்கிவிட்டது.

கொடுக்காமல் இருந்துவிடலாம் என்றுதான் முதலில் தோன்றியது. வெளிச்சம் பட்டு வீணாப்போச்சு என்று சொல்ல வாய் தயாராகவே இருந்தது. ஆனால் பிரிண்ட் போட்டேன். அவளைக் கூட்டிப்போக மாப்பிள்ளை வருவதற்கு முந்திய நாள் எருமப்பட்டி பஸ் ஏறினேன். அப்பா கையை நீட்டினார். நான் கவரை அவளிடம் கொடுத்தேன், நெகட்டிவோடு.

அவள் படத்தை வெளிச்சத்தில் சாய்த்து வெகுநேரம் பார்த்தாள். நான் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"தோடு நல்லா இருக்குதுங்கண்ணா" என்றாள்.